ஊசியில்லாப் பரிசுகள்: ஸ்காபரோவில் ஒரு ஃபிளீஸ் குளிர்காலம்

ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று. நவம்பர் வார இறுதிகளில் அதன் பொது அறையில் பெண்களும் பிள்ளைகளும் கூடி, கிறிஸ்துமஸ் நேரத்தில் கொடுப்பதற்காகக் குளிர்காலப் பரிசுகள் செய்தார்கள். எல்லாமே ஃபிளீஸ் என்னும் மென்மையான, கதகதப்பான செயற்கை இழைத் துணியில். தையல் இயந்திரம் இல்லை. ஊசி, நூல், பசை எதுவும் இல்லை. வெட்டுவதும் முடிச்சுப் போடுவதும் மட்டுமே வேலை. துணி வாங்கியதும் வெட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டதும் நான். பனி கரைந்து மார்ச் வந்தபோது, கொடுத்தவை எங்கே இருக்கின்றன, அணியப்படுகின்றனவா என்று கேட்டுக்கொண்டு போனேன்.

பதில்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. இன்னாருக்கு என்று தெரிந்து, அவருடைய தலை, கழுத்து, உட்காரும் விதம் எல்லாம் விசாரித்து வெட்டியவை குளிர்காலம் முழுவதும் புழங்கியிருந்தன. யாருக்காவது ஆகும் என்று வெட்டி அடுக்கியவை, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெரும்பாலும் அலமாரியில் கிடந்தன. தைத்த உடுப்பைப் பிரித்துத் திருத்தலாம், பிடித்துத் தைக்கலாம், மடிப்பை அவிழ்த்து நீட்டலாம். தையல் இல்லாத வேலையில் அதற்கெல்லாம் வழியில்லை. கத்தரி போன இடம் போனதுதான். ஆகவே வேலையின் பாதி, கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

துணியின் இயல்பு

ஃபிளீஸ் நெசவுத் துணி அல்ல, பின்னல் துணி. திருப்பூர் பனியன் துணியும் இந்தக் குடும்பம்தான்: நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு வருகிறது. பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் நெசவுத் துணியை வெட்டினால் விளிம்பில் நூல் பிரிந்துகொண்டே வரும். சேலை முந்தானையில் குஞ்சம் கட்டுவது அழகுக்காக மட்டுமில்லை, நூல் பிரிவதை அந்த முடிச்சு நிறுத்தவும் செய்கிறது. ஃபிளீஸில் அந்தக் கவலை இல்லை. பாலியெஸ்டர் கண்ணிகளைக் கம்பித் தூரிகைகளால் கோதி இழைகளை மேலெழுப்புகிறார்கள். பிறகு அவற்றை ஒரே உயரத்துக்குக் கத்தரிக்கிறார்கள். கோதிய இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் கண்ணி கழன்று ஓடுவதில்லை. வெட்டிய விளிம்பு வெட்டியபடியே நிற்கிறது. ஓரம் அடிக்கத் தேவையில்லாத துணி கையில் இருப்பதால்தான் எட்டு வயதுப் பிள்ளையும் இந்த மேசைக்கு வர முடிகிறது.

இந்தத் துணியின் வரலாறு தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரில் இயங்கிய மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் போலார்ஃபிளீஸ் என்ற பெயரில் இந்தத் துணியை உருவாக்கியது. பட்டகோனியா நிறுவனம் அந்த ஆலையோடு சேர்ந்து மலையேறுவோருக்கான உடைகளில் அதைப் பரப்பியது. 1993இல் பழைய பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து ஃபிளீஸ் செய்யவும் தொடங்கியது. போலார்ஃபிளீஸுக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. மற்ற ஆலைகளும் தயாரிக்கத் தொடங்கின, விலை இறங்கியது, சாதாரணத் துணிக்கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் சரக்காயிற்று. வீட்டு மேசைக் கைவேலைக்கு இது வந்து சேர்ந்த வழி அதுதான்.

1995 டிசம்பர் 11 இரவு அந்த ஆலை தீப்பற்றி எரிந்தது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. உரிமையாளர் ஆரோன் ஃபாயர்ஸ்டீனுக்கு அன்று 70ஆவது பிறந்தநாள். காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்காமல், அதே இடத்தில் ஆலையைத் திரும்பக் கட்டுவதாக அறிவித்தார். வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சில மாதங்கள் சம்பளமும் கொடுத்தார். கடன் சுமையால் 2001இல் நிறுவனம் திவாலாகி, பின்னர் ஆலை அவர் கையை விட்டுப் போனது. 2021இல் அவர் காலமானார். கூடியிருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் சொன்னேன். கையில் இருக்கும் பொருளுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடையில் பார்த்தவை

ஃபிளீஸ் பொதுவாக ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். 100, 200, 300 என்று எடை வகை உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஒட்டிய கணக்கு அது. கழுத்துக்கும் தலைக்கும் 200 சரியானது. 300 வகை கதகதப்பானது, ஆனால் முடிச்சுகள் நெல்லிக்காய் பருமனில் வந்து கழுத்தை உறுத்தும்.

பந்து திரளாத வகை என்று எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. விலை குறைந்த சுருள் ஒன்றிலிருந்தும் கொஞ்சம் வாங்கியிருந்தோம். அதில் செய்த கழுத்துத் துணிகளில், தாடையும் மேலங்கியின் சிப்பும் உரசும் இடத்தில், ஜனவரி முடிவதற்குள் சிறு சிறு இழை உருண்டைகள் திரண்டுவிட்டன. வாங்குமுன் துணியின் இரு பகுதிகளை ஒன்றோடொன்று நன்றாகத் தேய்த்துப் பார்த்தால் இது ஓரளவு தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இழுபடும் திசை. ஃபிளீஸ் அகலவாட்டில் நன்றாக இழுபடும், நீளவாட்டில் கொஞ்சம்தான். தொப்பிக்கு இந்த இழுவை தலையைச் சுற்றி வர வேண்டும். திசை மாறி வெட்டிய தொப்பி, அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தாலும் தலையில் இறங்காது. வலிந்து இறக்கினால் நெற்றியில் தடம் பதியும். எங்கள் மேசையில் ஒவ்வொரு துண்டிலும் இழுபடும் திசைக்குச் சுண்ணக்கட்டியால் ஓர் அம்பு போட்ட பிறகே கத்தரி எடுத்தோம். துணியின் இரு கரைகளும் விறைப்பாக இருக்கும், சிலவற்றில் அச்சும் இருக்கும். அவற்றை முதலிலேயே நறுக்கி எறிந்துவிட வேண்டும்.

பஸ் ஓட்டுநரின் கழுத்து

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் பஸ்ஸின் ஓட்டுநருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். அவர் தலைப்பாகை அணியும் சீக்கியர். தொப்பி என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாய் போன்ற கழுத்துறையைத் தலை வழியாக இறக்கவும் முடியாது. நீண்ட கழுத்துத் துணி என்றால் நுனிகள் மடியில் விழுந்து ஸ்டியரிங்கில் தட்டும்; கதவைத் திறக்க எழும்போது எங்காவது மாட்டும். பிள்ளைகளில் ஒருத்தி அவரிடமே போய், குளிருக்கு என்ன அணிகிறார் என்று கேட்டு வந்தாள். கழுத்துக்கு ஒன்றும் சரிப்படுவதில்லை, மேலங்கியின் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுக்கொள்வேன் என்றாராம்.

அவருக்கு வெட்டியது சுமார் 95 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். ஒரு நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, ஒரு கீறல். மற்ற நுனியைக் கீறலுக்குள் நுழைத்து இழுத்தால் கழுத்தில் படிந்து நிற்கும். முடிச்சு வேண்டாம், தொங்கல் வேண்டாம், ஒரு கையால் கழற்றலாம். குஞ்சமும் வெட்டவில்லை, நுனிகளை வட்டமாக நறுக்கிவிட்டோம். கீறலின் இரு முனைகளிலும் சிறிய வட்டத் துளை போட்டது இந்த வேலையின் நுட்பமான இடம். நூல் பிரியாத துணி என்றாலும், கூரான முனையில் தினமும் இழுவை விழுந்தால் கீறல் நீளும். வட்டத்தில் அந்த இழுவை பரவிவிடுகிறது. மார்ச்சில் பார்த்தபோது கீறல் கொஞ்சமும் நீளாமல் இருந்தது. துணி மங்கியிருந்தது, தினமும் அணிந்திருக்கிறார்.

இந்தக் குளிர்காலத்தில் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதைவிட எளிய பொருள் எதுவும் அந்த மேசையில் உருவாகவில்லை.

சக்கர நாற்காலியும் குஞ்சமும்

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மம்மாவுக்கு மடிப் போர்வை. பேத்தியின் மனத்தில் இருந்தது நாலு பக்கமும் நீண்ட குஞ்சம் தொங்கும் போர்வை. மாதிரியை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனபோது அம்மம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இந்தக் குஞ்சம் சில்லுக்குள் போய்ச் சிக்கும்" என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம்.

வழி இருந்தது. இரண்டு படைத் துணியைச் சேர்ப்பதற்கு முடிச்சுதான் வேண்டும் என்பதில்லை. ஓரத்தில் குறுகிய நாக்குகளாக வெட்டி, ஒவ்வொரு நாக்கின் அடியிலும் துணியை மடித்து ஒரு சிறு கீறல் போட்டு, நாக்கின் நுனியை அந்தக் கீறல் வழியாகப் பின்னிருந்து முன்னால் இழுத்தால் இரு படைகளும் பிடித்துக்கொள்கின்றன. ஓரம் தட்டையாக நிற்கும். இழுத்த நுனியை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிவிடலாம். 110க்கு 90 சென்டிமீட்டர் அளவில் இப்படிச் செய்தோம். முழங்காலிலிருந்து வழுக்காமல் இருக்க, மேல் ஓரத்தில் நாற்காலியின் கைப்பிடியில் மாட்ட இரண்டு பட்டிகள் சேர்த்தோம். அந்தப் பட்டிகள் சக்கரத்தை எட்டாத நீளம்தானா என்று நாற்காலியில் வைத்தே அளந்தோம்.

மூட்டு வலி உள்ளவர்களும் இந்த முறையில் வேலை செய்ய முடிந்தது என்பது நாங்கள் எதிர்பாராத நன்மை. முடிச்சை இறுக்க விரல்களில் பலம் வேண்டும். நுழைத்து இழுப்பதற்கு அவ்வளவு வேண்டாம். முடிச்சுப் போர்வைகளின் மேசையிலிருந்து இரண்டு பாட்டிமார் இந்த மேசைக்கு மாறி வந்து கடைசிவரை இருந்தார்கள்.

தொப்பி

வயது வந்தோர் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 56 முதல் 58 சென்டிமீட்டர். அதோடு இணைப்புக்காகச் சில சென்டிமீட்டர் கூட்டி, 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு செவ்வகம். உச்சியில் கையகலத்துக்குக் குஞ்சமாகக் கீறி, அதன் அடியை ஒரு பட்டியால் கட்டினால் பூங்கொத்து போல விரியும். கீழே கொஞ்சம் மடித்துவிட்டால் காதில் இரட்டைப் படை. முதுகுப் பக்க இணைப்புதான் சிக்கல். குஞ்சம் வெட்டி முடிச்சுப் போட்டால், சாய்ந்து உட்காரும்போது அந்த முடிச்சு வரிசை பின்மண்டையில் அழுத்துகிறது. நாங்கள் கண்ட மாற்று: இரு விளிம்புகளிலும் சிறு கீறல்கள் போட்டு, ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டியைச் சப்பாத்துக் கயிறு போலக் கோத்து வருவது. அகலவாட்டில் வெட்டிய பட்டியை நன்றாக இழுத்துவிட்டால் அது தானாகவே சுருண்டு கயிறாகிவிடும்.

நீண்ட பின்னல் உள்ள பெண் ஒருத்திக்கு இந்தத் தொப்பியின் உச்சி அவிழ்க்கக்கூடியது என்பது பெரிய வசதியானது. பட்டியைத் தளர்த்தி, உயர்த்திக் கட்டிய முடியை அந்த வழியாக வெளியே எடுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்கிறாள். கடையில் வாங்கும் தொப்பியில் இது நடக்காது.

சிறு பிள்ளைகளுக்கு நீண்ட கழுத்துத் துணி வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்திலும் ஏணியிலும் நுனி மாட்டினால் கழுத்து இறுகும். கனடாவின் குழந்தை மருத்துவர்கள் கழுத்துத் துணிக்குப் பதிலாகக் குழாய் வடிவக் கழுத்துறையைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். குட்டையான முடிச்சுகளோடு கழுத்துறைகள் செய்தோம், தொங்கும் கயிறு எதுவும் வைக்காமல். கைக்குழந்தைகளுக்கு எதுவும் செய்யவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது. குஞ்சம் வைத்த துணியைக் குழந்தை வாயில் வைக்கும்.

பெரிய போர்வை

இலங்கையிலிருந்து அந்தக் கோடையில் வந்து சேர்ந்த குடும்பத்துக்கு ஒரு முடிச்சுப் போர்வை. இரண்டு படை, ஒவ்வொன்றும் 150க்கு 130 சென்டிமீட்டர். நாலு மூலைகளிலும் 10 சென்டிமீட்டர் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஓரம் முழுக்க 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் குஞ்சம் கீறினால் மொத்தம் 192 சோடி. அதாவது 192 முடிச்சு. நடுப்பகுதி 130க்கு 110ஆகச் சுருங்கிவிடும். ஆகவே படுப்பவர் உயரத்தைக் கேட்டுத்தான் துணி வெட்ட வேண்டும். எல்லா முடிச்சும் ஒரே இழுப்பில் இருப்பது முக்கியம். ஒருவர் இறுக்கியும் ஒருவர் தளர்த்தியும் போட்டால் ஓரம் அலை அலையாகும். அகலவாட்டில் இழுபடும் இரு பக்கங்களிலும் கை இன்னும் மென்மையாக இருக்க வேண்டும்.

வட அமெரிக்காவில் இந்த முடிச்சுப் போர்வை பரிசாகப் பரவியதற்குப் பின்னால் ஈகையும் இருக்கிறது. 1995 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் பரேட் இதழில், புற்றுநோய்ச் சிகிச்சைக் காலம் முழுவதும் தன் போர்வையை விடாமல் வைத்திருந்த சிறுமியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கொலராடோவில் அதை வாசித்த கேரன் லௌக்ஸ், டென்வரில் உள்ள குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குக் கைவேலைப் போர்வைகள் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் பிராஜெக்ட் லைனஸ். லைனஸ் என்பது பீனட்ஸ் கார்ட்டூனில் போர்வையைக் கையை விட்டு இறக்காத சிறுவனின் பெயர். நோயிலும் துயரத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பு இன்றும் போர்வை கொடுக்கிறது. பின்னியவை, தைத்தவை, ஃபிளீஸில் செய்தவை எல்லாம் அங்கே வருகின்றன. புதிதாக, கையால் செய்ததாக, சலவைக்குத் தாங்குவதாக இருக்க வேண்டும். லாரன்ஸ் ஆலை எரிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நாளில் இதற்கு வித்திட்ட கட்டுரை வந்தது என்பதைக் கவனித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது.

அலமாரியில் கிடந்தவை

அணியப்படாதவற்றில் பெரும்பங்கு சாதாரண நீண்ட கழுத்துத் துணிகள். செய்வதற்கு மிக எளிது: 150 சென்டிமீட்டர் அகலத்தை அப்படியே நீளமாக எடுத்து, 25 சென்டிமீட்டர் பட்டிகளாக வெட்டினால் ஒரு மீட்டரில் நான்கு கிடைக்கும். அந்த எளிமையே நிறையச் செய்யத் தூண்டிற்று. ஆசிரியர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் போயின. அவர்களில் பலரிடம் ஏற்கெனவே கம்பளித் துணிகள் இருந்தன. மேலும் ஃபிளீஸ் காற்றைத் தடுக்காது. ஒற்றைப் படையில் சுற்றினால், காற்று அடிக்கும் ரொறன்ரோ ஜனவரியில் ஊடுருவிப் போகும். மேலங்கிக்கு உள்ளே இரண்டு சுற்றாக அணிந்தவர்கள் மட்டுமே அது போதும் என்றார்கள். இன்னொரு காரணமும் காதில் விழுந்தது: இழுபடும் திசை நீளவாட்டில் அமைவதால் மாட்டி மாட்டித் துணி நீண்டு ஒடுங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

காதுப் பட்டிகள் நடுத்தரம். ஓடப் போகிறவர்கள் அணிந்தார்கள், மற்றவர்கள் அணியவில்லை.

பரிசோடு வைத்த தாள்

ஒவ்வொரு பரிசிலும் ஒரு சிறு தாள் வைத்தோம். குளிர் நீரில் துவைக்கவும், மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம் (இழைகளில் படிந்து ஈரத்தை வெளியேற்றும் தன்மையைக் கெடுக்கும்), உலர்த்தியில் குறைந்த சூடு, இஸ்திரி வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் சூட்டில் உருகும். அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் அருகே தொங்கும் நுனிகளோடு குனியக் கூடாது என்பதை நம் வீடுகளுக்கென்றே தனி வரியில் எழுதினோம்.

துவைப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செயற்கை இழை உடுப்பு ஒன்று ஒரே சலவையில் 1,900க்கும் மேற்பட்ட நுண்ணிழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவை கடல்வரை போய்ச் சேர்கின்றன. கையால் செய்தது என்பதற்காக ஃபிளீஸ் தூய பொருளாகிவிடாது. அதனால்தான் அணியப்படாத பரிசை நான் வெறும் வீணான உழைப்பாகப் பார்க்கவில்லை. அது உருவாகியிருக்கவே வேண்டாத பிளாஸ்டிக். குறைவாகச் செய்வோம், தேவைப்படுபவருக்குச் செய்வோம், அவசியமானபோது மட்டும் துவைப்போம் என்று கூடியிருந்தவர்களிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நவம்பருக்கு

பொதுக் கழுத்துத் துணிகளை நிறுத்துகிறோம். துணி வாங்குவதற்கு முன்பே ஒரு படிவம் போகும். யாருக்கு, தலைச் சுற்றளவு எவ்வளவு, தலையில் வழக்கமாக என்ன அணிவார், பஸ்ஸுக்கு நிற்பவரா காரில் போகிறவரா, கைகள் நடுங்குமா, கழுத்தில் உறுத்தல் தாங்காதவரா என்று அதில் கேட்டிருக்கிறோம். நிரப்பி வராத பெயருக்குத் துணி வெட்டுவதில்லை. மூலைகளில் வெட்டி எடுத்த சதுரங்களும் பட்டி நறுக்குகளும் ஒரு பை நிறையச் சேர்ந்திருக்கின்றன. அவற்றை நிரப்பிச் சாய்வு மெத்தைகள் செய்யலாம் என்று அம்மம்மாவின் பேத்தி சொல்லியிருக்கிறாள். உறைக்கு இரண்டு படை, ஓரத்துக்கு அதே நுழைத்து இழுக்கும் முறை. பராமரிப்பு இல்லத்தில் எத்தனை பேருக்கு முதுகுக்கு வேண்டும் என்று முதலில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.